முப்பத்தேழு புள்ளிக் கோலமும் மழையில் நனைந்த பெட்டிகளும்

எண்ணிப் பார்ப்போம் – வாரத் தொடர்

"ஏனுங்ணா, கணக்கே இல்லாத படிப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கேட்டவர் எங்கள் வீதியில் குடியிருக்கும் ஓர் அம்மா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியும் கையில் டிபன் பாக்ஸுமாக நேரே என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். பின்னால் அவர் மகள், தன் செருப்பையே பார்த்தபடி நின்றாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மற்ற பாடங்களில் எழுபது, எண்பது. கணக்கில் மட்டும் 38.

"கணக்குப் புத்தகத்தப் பாத்தாலே வயித்தக் கலக்குது மாமா. நானும் அம்மாகூட கம்பெனிக்கே போயிடறேன்" என்றாள் பெண்.

"நான் இந்தத் தூசியில கெடக்கறதே நீ வரக் கூடாதுன்னுதான்" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. ஆனால் டிபன் பாக்ஸைப் பிடித்திருந்த கை இறுகியது.

இந்த நேரத்தில் அறிவுரை சொன்னால் எடுபடாது என்பது இருபது வருட டியூஷன் அனுபவம். அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"காலையில உங்க வாசல்ல இருந்த கோலம் யார் போட்டது கண்ணு?"

"நாந்தான்."

"எத்தனை புள்ளி?"

"ஏழு புள்ளி, நாலு வரைக்கும். இடுக்குப் புள்ளி."

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தேழு."

"எப்படிச் சொன்னே?"

"நடுவுல ஏழு. மேல கீழ ரெண்டு ஆறு, ரெண்டு அஞ்சு, ரெண்டு நாலு. அது முப்பது. முப்பதும் ஏழும் முப்பத்தேழு."

கணக்கே வராத பெண் மூன்று விநாடியில் சொன்ன விடை இது. இந்த வாரம் அந்த முப்பத்தேழைத்தான் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றைச் சுற்றி ஆறு

வீட்டில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்றை நடுவில் வையுங்கள். அதைத் தொட்டபடி மற்றவற்றைச் சுற்றி வையுங்கள். ஆறாவது நாணயம் இடைவெளி இல்லாமல் கச்சிதமாக உட்காரும். ஏழாவதுக்கு இடமே இருக்காது.

ஏன் ஆறு? ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று நாணயங்களின் மையங்களைக் கோடு போட்டு இணைத்தால், மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி. நடுநாணயத்தைச் சுற்றி மொத்தம் 360 டிகிரி. அதில் 60 ஆறு முறை அடங்கும். பாக்கி எதுவும் மிஞ்சாது.

இனி அடுத்த சுற்று வையுங்கள். பன்னிரண்டு பிடிக்கும். அதற்கடுத்த சுற்றுக்குப் பதினெட்டு. அறுகோணத்துக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் ஒரு நாணயம் நீள்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தையதைவிட ஆறு கூடுதல்.

மொத்தத்தை எழுதிப் பாருங்கள்: 1, 7, 19, 37, 61, 91...

நம் கோலங்களும் இதே வரிசைதான். இடுக்குப் புள்ளியில் 3 புள்ளி 2 வரை வைத்தால் 7. ஐந்து புள்ளி 3 வரை என்றால் 19. ஏழு புள்ளி 4 வரை 37. ஒன்பது புள்ளி 5 வரை 61. பாட்டி காலத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கும் இந்தக் குறிப்புகளைக் கணிதக்காரர்கள் 'மையம் கொண்ட அறுகோண எண்கள்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, புள்ளிகள் பழையவை.

கோலத்தைப் படித்தவர்கள் சும்மா ஆள் இல்லை. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1970களிலேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டிய வேலை அது. உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'கோலம்' என்ற தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது.

வயர் கடையிலும் இதே வரிசை

எலக்ட்ரிக்கல் கடையில் பழைய எலக்ட்ரீஷியன்கள் "செவன் ட்வென்டி வயர் கொடுங்க" என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். 7/20 என்றால் 20-ஆம் நம்பர் கனத்தில் ஏழு கம்பி. ஏழு ஏன்? நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. முறுக்கினால் அசையாமல் வட்டமாக நிற்கும். அதைவிடப் பெரிய கேபிள் வேண்டுமா? அடுத்து 19 கம்பி, அதற்கும் அடுத்து 37. கிரேன்களில் சுமை தூக்கும் இரும்பு வடத்தையும் 6×19, 6×37 என்றுதான் வகை பிரிக்கிறார்கள். ஆறு புரி, ஒவ்வொன்றிலும் 19 அல்லது 37 கம்பி என்பதுதான் அந்தப் பெயரின் அடிப்படை. அந்த ஆறு புரியும் சுற்றியிருப்பது நடுவில் உள்ள ஒரு கருவை. ஒன்றைச் சுற்றி மறுபடியும் ஆறு!

தேனீயைத் தமிழில் 'அறுகால்' என்றும் சொல்வதுண்டு. காலும் ஆறு, கட்டும் அறைக்குப் பக்கமும் ஆறு. இடைவெளி விடாமல் ஒரு தளத்தை ஒரே அளவு அறைகளாகப் பிரிக்க வேண்டும், சுவருக்கு ஆகும் மெழுகும் குறைவாக இருக்க வேண்டும் என்றால், அறுகோணத்தைவிடச் சிறந்த வடிவம் இல்லை. பார்த்தால் சுலபமாகத் தெரியும் இந்த விஷயத்துக்கு முழுமையான நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1999-இல்தான் தந்தார். அதுவரை தேனீக்கள் நிரூபணத்துக்காகக் காத்திருக்கவில்லை. நம் ஊரில் தயாராகும் டி-ஷர்ட் துணிகளில்கூட தேன்கூட்டுக் கட்டம் தெரிகிற ஒன்றுக்கு 'ஹனிகோம்ப்' என்றுதான் பெயர்.

நனையாததை எண்ணுங்க

இந்த 37 எனக்கு ஒரு காலத்தில் அவமானம் தேடித் தந்த எண். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கணக்கு எழுதும் வேலைக்கு ஆறு மாதம் போனேன். குடோனின் ஒரு மூலையில், இரண்டு சுவர்களை ஒட்டி, மரப் பலகை மேல் ஏற்றுமதிப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். நீளத்தில் 4, அகலத்தில் 4, உயரத்தில் 4. மொத்தம் 64 பெட்டி. ஒருநாள் இரவு அடித்த மழையில் கூரை ஒழுகி, மேலே இருந்த பெட்டிகளும் வெளியே தெரிந்த இரண்டு பக்கப் பெட்டிகளும் நனைந்துவிட்டன. அட்டை நைந்தால் எடுக்க மாட்டார்கள். மறுநாள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். "எத்தனை புதுப் பெட்டி வேணும்? உடனே சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

நான் பட்டதாரி அல்லவா? மேலே 16, முன்னால் 16, பக்கத்தில் 16. "நாற்பத்தெட்டு சார்!"

பக்கத்தில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அஞ்சாங்கிளாஸ்வரை படித்தவர். "முப்பத்தேழு போதுமுங்க" என்றார்.

"எப்படிண்ணா?"

"அந்த மூலைப் பொட்டிய எத்தன தடவ எண்ணுனீங்க?"

பார்த்தேன். மூன்று முகமும் சேர்கிற மூலைப் பெட்டி மேலேயும் தெரிகிறது, முன்னாலும் தெரிகிறது, பக்கத்திலும் தெரிகிறது. அதை மூன்று தடவை எண்ணியிருக்கிறேன். ஓரத்துப் பெட்டிகள் ஒன்பதை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். ஆக 11 அதிகம்.

"நனைஞ்சத எண்ணுனா கொழம்பும். நனையாதத எண்ணுங்க" என்றார் அவர். "உள்ளுக்குள்ள மூணுக்கு மூணு, மூணு அடுக்கு. இருபத்தேழு பொட்டி காஞ்சு கெடக்குது. அறுபத்து நாலுல இருபத்தேழு போச்சுன்னா?"

முப்பத்தேழு.

பட்டம் வாங்கிய நான் முகத்தை எண்ணினேன். அவர் பெட்டியை எண்ணினார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்றுக்கொண்டதை மூன்று வருட வகுப்பறை தந்ததாக நினைவில்லை.

இப்போது கோலத்துக்குத் திரும்புவோம். குடோன் பெட்டிகள் 37, வாசல் கோலத்தின் புள்ளிகளும் 37. தற்செயலா?

இல்லை. அந்தப் பெட்டி அடுக்கை அதன் மூலைக்கு நேரெதிரே சற்று உயரத்தில் நின்று பார்த்தால், அதன் வெளிக்கோடு அறுகோணமாகத் தெரியும். நடுவில் மூலைப் பெட்டி. அதைச் சுற்றி 6. அடுத்து 12. அடுத்து 18. ஒவ்வொரு நனைந்த பெட்டிக்கும் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் அந்தப் பெண் போட்ட கோலம்!

நம்பிக்கை வரவில்லையா? ஒரு தாளில் 37 புள்ளிக் கோலத்தின் வெளி அறுகோணத்தை வரையுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒரு மூலை விட்டு ஒரு மூலையாக மூன்று கோடு இழுங்கள். தாளில் ஒரு பெட்டி எழுந்து நிற்கும்.

நனைந்த 37 பெட்டிகளையும் எடுத்துவிட்டால் உள்ளே 3×3×3. அதில் கண்ணில் படுவது 19. அதையும் எடுத்தால் 2×2×2. அதில் தெரிவது 7. அதையும் எடுத்தால் கடைசியாக ஒரே ஒரு பெட்டி. ஆக, 1 + 7 + 19 + 37 = 64. நாலு கோலத்தின் புள்ளிகளைக் கூட்டினால் நாலின் கனம். ஐந்து கோலத்தைக் கூட்டினால் ஐந்தின் கனம், 125. தரையில் தட்டையாகக் கிடக்கும் கோலங்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு முழுப் பெட்டி அடுக்காகிவிடுகின்றன.

குறைந்தால் தொப்பி, கூடினால் ஃப்ரில்

ஆறின் விளையாட்டு இதோடு முடியவில்லை. குரோஷா போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். வட்டமான டேபிள் மேட் பின்ன வேண்டுமா? ஆறு கண்ணியில் தொடங்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண்ணி கூட்டு என்பார்கள். 6, 12, 18, 24... கோலத்தின் அதே சுற்றுகள்.

காரணம் வட்டத்தில் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் ஒரு அங்குலம் கூடினால், சுற்றளவு சுமார் 6.28 அங்குலம் கூடியே ஆக வேண்டும். சின்ன வட்டமோ, பெரிய வட்டமோ, கூடுவது அதே அளவுதான். ஒரு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சுற்றுக்கு ஆறு கண்ணி. நூலின் கனத்தைப் பொறுத்துச் சிலர் ஏழு, எட்டுகூடக் கூட்டுவார்கள்.

நம் ஊர் நிட்டிங் மெஷினிலும் இதே பை கணக்குதான். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் என்றால், சிலிண்டரின் சுற்றளவில் ஒரு இஞ்சுக்கு 24 ஊசி. 30-ஐ 3.14-ஆல் பெருக்கி, 24-ஆல் பெருக்குங்கள். சுமார் 2,260 ஊசி.

ஆறுக்குப் பதில் சுற்றுக்கு மூன்று கண்ணி மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? ஓரத்துக்குத் துணி போதாது. பின்னல் உள்நோக்கி வளைந்து தொப்பியாகிவிடும். குழந்தைகளின் குல்லா அப்படித்தான் பிறக்கிறது. பன்னிரண்டு கண்ணி கூட்டினால்? ஓரத்தில் தேவைக்கு மேல் துணி. தட்டையாகப் படுக்க இடமில்லாமல் மேலும் கீழும் நெளியும். அதுதான் ஃப்ரில்.

இதைச் சொன்னதும் அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "அட, லெட்டூஸ் அடிக்கறது மாதிரிங்க!"

பெண் குழந்தைகளின் டாப்ஸில் கழுத்தும் கையும் அலை அலையாக இருக்குமே, அதற்கு 'லெட்டூஸ்' என்று பெயர். ரிப் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓவர்லாக் அடிப்பார்கள். இழுத்த நிலையில் நூல் ஏறிவிடுவதால், விட்ட பிறகு ஓரம் பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாது. நடுப்பகுதி சுருங்குகிறது, ஓரம் நெளிகிறது. "எவ்வளவு இழுக்கணும்னு கை சொல்லும்" என்றார் அவர். லெட்டூஸ் கீரையின் இலையும் அப்படித்தான். ஓரம் நடுவைவிட அதிகமாக வளர்வதால் நெளிகிறது. நம் வீட்டுக் கோழிக்கொண்டைப் பூவின் மடிப்புகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இந்த நெளிந்த பரப்பின் வடிவியலை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் போயாயும் லோபசெவ்ஸ்கியும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். மாணவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்ட நல்ல மாதிரிதான் இல்லை. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியப் பேராசிரியை ஒரு குரோஷா ஊசியை எடுத்தார். சீரான விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். படத்தில் சரியாகக் காட்ட முடியாமல் இருந்த வடிவம் கையில் வந்துவிட்டது. பெரிய பெரிய கணித அறிஞர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் பின்னியதும் நம் வீதி அம்மா ரிப் துணியில் அடிப்பதும் ஒரே குடும்பத்து வடிவங்கள்தான்.

ஈரோட்டில் பிறந்தவரின் 1729

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஈரோட்டை விட்டுவிட முடியுமா? 1887 டிசம்பர் 22 அன்று அங்கே தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் சீனிவாச ராமானுஜன். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். ராமானுஜன் கல்லூரியில் தேறவில்லை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். கணக்கில் அல்ல, மற்ற பாடங்களில்.

இங்கிலாந்தில் அவர் உடல்நலமில்லாமல் இருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அது ஒரு சாதாரண எண் என்றும் சொன்னார். ராமானுஜன் மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்றார். 12-இன் கனமும் 1-இன் கனமும். 10-இன் கனமும் 9-இன் கனமும்.

இதையே நம் வாசல் மொழியில் சொல்லிப் பார்ப்போம். உங்களிடம் 1729 புள்ளிக்கு மாவு இருக்கிறது. 1, 7, 19, 37 என்று வரிசையாகப் பன்னிரண்டு கோலம் போடுங்கள். 1728 புள்ளி செலவாகும். ஒரு புள்ளி மிஞ்சும். அதே மாவில் வேறு மாதிரியும் போடலாம். முதல் பத்து கோலம் ஒரு வாசலில், 1000 புள்ளி. முதல் ஒன்பது கோலம் அடுத்த வாசலில், 729 புள்ளி. இப்போது ஒரு புள்ளிகூட மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை

அன்று அவர்கள் கிளம்பும்போது இருட்டிவிட்டது. எந்தக் குரூப் எடுப்பது என்று நான் எதுவும் சொல்லவில்லை. கணக்கு இல்லாமலும் எத்தனையோ நல்ல படிப்பு இருக்கிறது. பிடிக்கவில்லை என்று ஒரு பாடத்தை விடுவதில் தப்பில்லை. 'எனக்கு வராது' என்று யாரோ சொன்னதை நம்பி விடுவதில்தான் எனக்கு வருத்தம். 38 என்பது ஒருநாள் மூன்று மணி நேரத்தில் எழுதியதற்குக் கிடைத்த எண். மூன்று விநாடியில் அவள் சொன்ன 37-ஐ எந்த மதிப்பெண் பட்டியலிலும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோல நோட்டோடு வந்தாள். கட்டம் போட்ட தாளில் ஐந்தாவது கோலம், 61 புள்ளி. நடுவிலிருந்து மூன்று கோடு இழுத்துப் பெட்டியாக்கியிருந்தாள். கீழே பென்சிலில் 125 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தாள்.

"மாமா, ஆறாவதுக்கு 216 வருது. அப்ப நூறாவதுக்கும் இப்படியே வருமா? எல்லாத்தையும் போட்டுப் பாக்காம எப்படிச் சொல்றது?"

எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்ற கேள்வியில்தான் கணிதமே தொடங்குகிறது. நான் திண்ணையில் உட்கார்ந்து, "அந்த நனையாத பொட்டி ஞாபகம் இருக்குதா?" என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அன்று கம்பெனி லீவு. பள்ளியில் அட்மிஷன் திங்கட்கிழமை.

போன வார விடை: 1 + 3 + 5 என்று 19 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கூட்டல் 100. பத்து எண்கள், பத்தின் வர்க்கம். சரியாகச் சொன்ன அனைவருக்கும் பாராட்டு.

இந்த வாரக் கேள்வி: நேர்ப்புள்ளியில் 7 புள்ளி 1 வரை வைத்தால் (1, 3, 5, 7, 5, 3, 1) மொத்தம் 25 புள்ளி. அது 16 + 9. ஒன்பது புள்ளி 1 வரை வைத்தால் 41. அது 25 + 16. எப்போதும் அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவே வருவது ஏன்? ஒரு உதவி: வெள்ளை மாவும் செம்மண்ணும் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்காமல், கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பாருங்கள்.